பெருக்கித் துடைக்கும் மெஷின்: அம்மாவின் முட்டிக்கு எது சரிப்படும்?

கோலமாவு:

வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியா, பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங். தோட்டத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. கூடமும் அறைகளும் டைல்ஸ். குசினி மட்டும் பழைய மொசேக், கூடத்தைவிட நாலு விரல் பள்ளம். கம்பளம் கிடையாது.

அம்மாவுக்கு 68 வயது. இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கிய தோள் இன்னும் கல் மாதிரி இருக்கிறது, முட்டி இரண்டும்தான் போய்விட்டன. ஆனாலும் வீட்டைப் பெருக்கித் துடைக்காமல் பசியாற உட்கார மாட்டார். நான் செய்கிறேன் என்று சொன்னால், நான் எழுவதற்கு முன்பே துடைத்து முடித்துவிட்டு, ஈரத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று காவல் நிற்பார். போன மாதம் தண்ணீர் வாளியோடு குசினிப் படியில் இறங்கும்போது வழுக்கிவிட்டது. எலும்பு தப்பியது. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், நிறம் மாறி மாறி மூன்று வாரம் இருந்தது. வாளி இனிமேல் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டு அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் உள்ள சடக்கில் நாள் முழுக்க செம்பனைக் குலை லோரி போகும். சக்கரத்தோடு வரும் களிமண் காய்ந்து, கோதுமை மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் உள்ளே வந்து படியும். வீட்டுக்காரர் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை. சப்பாத்தை வாசலிலேயே கழற்றினாலும் காலுறையில் ஒட்டிய கரியும் எண்ணெயும் தரையில் பாதம் பாதமாகப் பதியும். பெண்கள் இரண்டு பேர், இருவருக்கும் இடுப்பு வரை முடி. சாமி மேடைக்குக் கீழே நல்லெண்ணெய்ச் சொட்டும் திருநீறும் எப்போதும் இருக்கும்.

ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தாயிற்று. இணையத்தில் 259 வெள்ளிக்கு (ரிங்கிட்), கைக்குச்சி மாதிரி ஒன்று. முன்னால் உறிஞ்சுமாம், பின்னால் ஒட்டியிருக்கும் ஈரத்துணி துடைக்குமாம். உறிஞ்சாமல் விட்ட தூசியை எல்லாம் அந்தத் துணி குழைத்து, கூடம் முழுக்கச் சேறு பூசிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "சாணி மெழுகின மாதிரி இருக்கே" என்றார். விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், இன்றுவரை பதில் இல்லை.

இப்போது கையில் 1,200 வெள்ளி வரை இருக்கிறது. தானாக ஓடும் ரோபோவா, நாமே தள்ளும் மெஷினா? அம்மாவால் தள்ள முடியுமா? எண்ணெய்ப் பிசுக்கு போகுமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ரப்பர்செருப்பு:

வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கும்போது 1,200 வெள்ளிக்கு மெஷின் எதற்கு சகோதரி? மோப்பு 15 வெள்ளிதான்.

கோலமாவு:

அண்ணா, ஒருத்தி இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்சை எழுதுகிறாள், இன்னொருத்தி படிவம் 3. உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளிடம் அந்த மோப்பைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

தைப்பிங்மழை:

கோலமாவு அக்கா, இரண்டு வருஷமாகத் தள்ளும் வகை மெஷின் வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கி ஏமாந்தது வேறு, இது வேறு. அதில் இருந்தது ஒரே துணி, அழுக்கானாலும் அதேதான் வீடு முழுக்க இழுபடும். இதில் தொட்டி இரண்டு. நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து உருளைத் தூரிகையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். உருளை சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தகடு அதைப் பிழிந்துவிடும், பிழிந்த அழுக்குத் தண்ணீரை மெஷின் உறிஞ்சி இரண்டாவது தொட்டிக்கு அனுப்பும். தரையில் படுவது எப்போதும் நல்ல தண்ணீர்தான். வாளி மோப்பில் மூன்றாவது அறைக்குப் போகும்போதே நாம் கூடத்து அழுக்கால்தான் அறையைத் துடைக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

ரோபோ உங்கள் வீட்டுக்கு வேண்டாம். பெரும்பாலான ரோபோக்கள் 2 சென்டிமீட்டர் அளவு விளிம்பைத்தான் தாண்டும். நாலு விரல் பள்ளத்தில் விழாது, அதற்குக் கீழே பள்ளத்தை உணரும் கண் இருக்கிறது. ஆனால் குசினிக்கு நீங்கள்தான் தூக்கி வைத்து, தூக்கி எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது குசினியில்தானே?

தள்ளும் மெஷின் 4, 5 கிலோ இருக்கும். கடையில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள், உருளை சுற்றும்போது அதுவே முன்னால் இழுத்துக்கொண்டு போகும். என் மாமியாருக்கு 71 வயது, ஒற்றைக் கையால் ஓட்டுகிறார். தூக்க வேண்டிய இடம் அந்தக் குசினிப் படி ஒன்றுதான், அதை நீங்களோ பெண்களோ பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி முக்கால் லிட்டர் அளவுதான் பிடிக்கும். வாளியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இனி யாரும் விளம்பரத்தில் சொல்லாததைச் சொல்கிறேன். துடைத்து முடித்ததும் அந்த அழுக்குத் தொட்டியை அப்போதே கொட்டிக் கழுவ வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்பதே இதில் கிடையாது. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் அவசரத்தில் நான் அப்படியே வைத்துவிட்டேன். மறுநாள் பலகாரத்தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வருகிறேன், செத்த எலி நாற்றம். சோபாவைத் தள்ளி, மெத்தையைத் தூக்கி எல்லாரும் எலியைத் தேடினோம். கடைசியில் மூலையில் நின்ற மெஷினைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் கஞ்சி. மேலே முடி வலை மாதிரி பின்னிக்கிடந்தது, அதில் ஒரு பல்லி வால், இரண்டு முறுக்குத் துண்டு. விருந்தாளி வாசலில் காடியை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் உருளையும் தானாகக் காயாது. அதனால் சார்ஜ் ஏறும் தாங்கியில் வைத்ததும் தன்னைத் தானே கழுவி, சூடான காற்றில் காயவைக்கும் வகையையே பாருங்கள். காசு குறைக்க வேண்டுமானால் செயலி, குரல், வண்ணத்திரை இதையெல்லாம் விட்டுவிடலாம். காயவைக்கும் வசதியை விடாதீர்கள். வடிகட்டியைக் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயவைத்துத்தான் திரும்பப் போட வேண்டும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். காலுறைத் தடம் இரண்டு தரம் போய் வந்தால் போய்விடும். சாமி மேடைக்குக் கீழே குளமாகச் சிந்திய நல்லெண்ணெய்யை முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். நேராக உருளையை விட்டால் வீடு முழுக்க விளக்கேற்றலாம். சுவரோரம் ஒரு விரல் அகலம் விட்டுப்போகும், அதற்குத் துணிதான். அம்மா கேட்டாலும் நுரைக்கும் சோப்பு, டெட்டால் எதையும் தொட்டியில் ஊற்ற விடாதீர்கள். நுரை மேலே ஏறினால் தொட்டி நிரம்பிவிட்டது என்று நினைத்து மெஷின் நின்றுவிடும், மோட்டாருக்குள் போனால் செலவு.

பழைய_ஸ்க்ரூடிரைவர்:

தெலுக் இந்தானில் மின்சாமான் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். தைப்பிங் தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. ஒரு மெக்கானிக் பார்வையில் சிலது மட்டும் சேர்க்கிறேன்.

பெட்டியில் உறிஞ்சும் வேகம் இத்தனை கிலோபாஸ்கல் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண் பெரிதாகப் பயன்படுவது கம்பளத்தில். உங்கள் வீட்டில் கம்பளமே இல்லை. வழவழப்பான தரையில் வேலை செய்வது உருளையும் பிழியும் தகடும்தான். கடையில் மெஷினை ஓட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் மைலோ தூளைத் தரையில் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு தரம் போய் வரச் சொல்லுங்கள். பிறகு உருளையைக் கழற்றி, முடி எங்கே சுற்றிக்கொள்கிறது என்று பாருங்கள். இரண்டு முனைகளிலும் சுற்றினால் வாரம் ஒருமுறை கத்தரிக்கோல் எடுக்க வேண்டிவரும். முடியைச் சீவிவிடும் சீப்புப் பல் உள்ள வகையும் இருக்கிறது. ஓட்டிக் காட்டமாட்டேன் என்று சொல்லும் கடைக்காரத் தௌக்கேயிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது, உத்தரவாதம் மலேசியாவுக்கு உரியதா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்து 200, 300 வெள்ளி குறைத்து விற்கும் பெட்டியை உள்ளூர் சர்வீஸ் சென்டர் தொடாமல் திருப்பி அனுப்பலாம். சிரிம் தரச்சான்று ஒட்டுத்தாள் இருக்கிறதா, பிளக் நம்முடைய மூன்று தட்டைக்கால் பிளக்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்று உருளை, வடிகட்டி என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பதையும் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பெட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற மாடலாக இருந்தால் நல்லது. ஒரு சார்ஜில் 30 நிமிடம் ஓடினால் உங்கள் வீட்டுக்குப் போதும்.

இடி மழை வந்தால் தாங்கியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நம் பக்கத்து இடியில் வெந்துபோன சார்ஜர்களைச் சேர்த்து வைத்திருந்தால் நான் இன்னொரு கடை திறந்திருப்பேன்.

அந்த 259 வெள்ளியையும் விடாதீர்கள் அம்மா. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம். விற்றவருக்கு அனுப்பிய படம், ரசீது எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கோலமாவு:

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, மைலோ விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "கடையில போய்க் கொட்டிட்டு வர்றதா, வெட்கமா இல்லையா" என்கிறார். ஆனால் கூடவே வருகிறேன் என்றும் சொல்கிறார்.

கோலமாவு (மூன்று வாரம் கழித்து):

வாங்கியாயிற்று. தள்ளும் வகைதான், காயவைக்கும் வசதியோடு 1,149 வெள்ளி. தெலுக் இந்தான் கடையில் மைலோவைக் கொட்டியது அம்மாதான், அதுவும் நான் வாய் திறப்பதற்கு முன்பே.

முதல் நாள் தொட்டால்கூட ஷாக் அடிக்கும் என்று தள்ளி நின்றார். இரண்டாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது கூடமும் அறைகளும் முடிந்திருந்தன. படி இறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் குசினியை மட்டும் எனக்காக விட்டு வைத்திருந்தார். இப்போது தினமும் காலையில் அழுக்குத் தொட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நேத்தைவிட இன்னைக்குக் கறுப்பு கம்மி" என்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் கொட்டுகிறார். வாசலுக்கு மட்டும் ஈர்க்குமாறு. அதை எடுத்து ஒளித்து வைக்க முயன்றேன், நடக்கவில்லை.

ஒரு சந்தேகம். மெஷினோடு வந்த திரவம் கலந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறார். செடிக்கு ஏதும் ஆகுமா?

தைப்பிங்மழை:

ஊற்ற வேண்டாம் அக்கா, சாப்பிடுகிற இலை. கழிவறையில் கொட்டச் சொல்லுங்கள். முடியை மட்டும் முதலில் வழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து குழாய் அடைப்புக்கு ஆள் தேடுவீர்கள்.