புதுப்பிப்பு: டேட்டாபேஸ் டிசைனைக் குழு வேலையாக நடத்தியதில் எது பலித்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் நார்மல் பார்மை (ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி டேபிள்களைப் பிரிக்கும் விதி) ஒப்பிக்கிற மாணவர்கள், வடிவமைக்கச் சொன்னால் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் திணிக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பலித்தது, நூலக இரவல் பதிவேட்டையே குழுக்களிடம் கொடுங்கள் என்ற யோசனைதான். முதலில் 'ஆசிரியர்1, ஆசிரியர்2' என்று நெடுவரிசை போட்டார்கள். மூன்று பேர் எழுதிய புத்தகத்தைக் காட்டியதும், புத்தக எண்ணும் ஆசிரியர் எண்ணும் மட்டும் வைத்து இடையில் தனி டேபிள் வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். நான் எதிர்பார்க்காதது, ஒரே புத்தகத்தில் பல பிரதி இருந்தால் எது வெளியே போயிருக்கிறது என்று பக்கத்துக் குழு மடக்கியது, அதில்தான் புத்தகம் வேறு பிரதி வேறு என்பது புரிந்தது. அப்புறம், கீபோர்டு யாரிடமோ அவரே எல்லாம் செய்துவிடுகிறார், அதனால் டேபிள்களின் வரைபடம் முதலில் தாளில், எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் மொழி) பிறகுதான்.