ஒன்பதாம் வகுப்புக்கு வேர்டு, எக்செல்: எங்கே ஆரம்பிப்பது?

கணக்கு_டீச்சர்:

வணக்கம். நான் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் எடுத்தவர் நடுவில் போய்விட்டதால் இந்த வருஷம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ‘ஆபீஸ் கம்ப்யூட்டர்’ பாடம் என் தலையில் விழுந்திருக்கிறது. வாரத்துக்கு 2 பீரியட். லேபில் 18 மெஷின், ஓடுவது 14. ஒரு வகுப்பில் 31 பேர்.

முதல் வாரம் ஒரு லீவ் லெட்டர் அடிக்கச் சொல்லி, சேவ் பண்ணச் சொன்னேன். பண்ணினார்கள். அடுத்த பீரியட் ‘போன தடவை அடித்ததைத் திறங்க’ என்றதும் லேபே நின்றுவிட்டது. எங்கே வைத்தோம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் வேர்டைத் திறந்து பார்த்து, பட்டியலில் தன்னுடையது இல்லை என்றதும் ‘மிஸ், அழிஞ்சிடுச்சு’ என்று கண் கலங்கிவிட்டாள். தேடினால் ஒரே ஃபோல்டரில் டாக்1, டாக்2, டாக்3 என்று வரிசையாக நிற்கிறது. எது யாருடையது என்று எனக்கும் புரியவில்லை. இதே பிள்ளைகள் ஃபோனில் வீடியோ வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள்!

புத்தகம் ஹோம் டேப், இன்செர்ட் டேப் என்று மெனு மெனுவாகப் போகிறது. கேட்டால் ஒப்பிக்கிறார்கள், கைதான் வரவில்லை. எங்கே ஆரம்பிக்கலாம், எதை விட்டுவிடலாம்? 14 மெஷினில் 31 பேரை எப்படி உட்கார வைப்பது?

பழைய_லெட்ஜர்:

டீச்சர், 22 வருஷம் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது 6 வருஷமாக இதே பாடத்தை எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல் தொலைந்ததில் பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஃபோனில் ஃபோட்டோ எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? கேலரியைத் திறந்தால் வந்து நிற்கிறது. அதனால் லெட்டரும் வேர்டுக்குள்ளேதான் குடியிருக்கிறது என்று நினைக்கிறார்கள். முதல் இரண்டு பீரியட் வேர்டைத் தொடவே தொடாதீர்கள். விண்டோஸ் சாவியும் ‘இ’யும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் எக்ஸ்புளோரர் வரும். அங்கே ஃபோல்டர் போடு, எஃப்2 அழுத்திப் பெயர் மாற்று, இன்னொரு ஃபோல்டருக்கு நகர்த்து. பிறகு அழிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் தயங்குவார்கள். அழித்ததும் ரீசைக்கிள் பின்னைத் திறந்து திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் அழுத பெண்ணுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

ஃபைல் பெயரின் வாலையும், அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வந்து ஃபைலின் வகையைச் சொல்கிற எழுத்துகளையும், அப்போதே காட்டிவிடுங்கள். விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும், வியூ மெனுவில் போய்த் தெரிய வைக்கலாம். என் வகுப்பில் ஒரு பையன் ஃபோட்டோ பெயரில் இருந்த ‘ஜேபிஜி’யை அழித்துவிட்டு ‘பிடிஎஃப்’ என்று எழுதி, ‘மாத்திட்டேன் சார்’ என்று நிமிர்ந்து நின்றான். டப்பாவில் லேபிளை மாற்றி ஒட்டினால் உள்ளே இருக்கிற சரக்கு மாறுமா?

வேர்டுக்கு வருவோம். மெனுவைச் சொல்லிக்கொடுக்காமல் ஒரு கெட்டுப்போன லெட்டரைக் கொடுங்கள். தேதியை வலப்பக்கம் தள்ள ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிப் போனது, அடுத்த பக்கம் போக என்டரை இருபது தடவை அடித்தது, இப்படி. பார்க்க அழகாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே வேலைதான்: முழுக்கத் தேர்ந்தெடுத்து எழுத்தை 12-லிருந்து 14 ஆக்கு. அவ்வளவுதான், தேதி உடைந்து பாதி கீழே விழும், கையெழுத்து அடுத்த பக்கத்தில் அநாதையாக நிற்கும். ‘நான் ஒண்ணும் பண்ணல சார்’ என்று நாலு பக்கமும் சத்தம் வரும். அப்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளியாகத் தெரியும், எறும்பு ஊர்ந்த மாதிரி. ஒரு பெண் எண்ணிப் பார்த்து, தேதிக்கு முன்னால் 47 புள்ளி என்றாள். ‘இத அடிச்சவரு டைப்ரைட்டர்ல பழகினவரு போல’ என்றும் சேர்த்துக்கொண்டாள். அடித்தது நான்தான். பாடத்துக்காக ஒன்றும் வேஷம் போடவில்லை, என் பழைய ஃபைல்களில் ஒன்றை அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு வலப்பக்க அலைன்மென்ட், டேப் சாவி, பக்கம் மாற்ற கண்ட்ரோல் என்டர், எல்லாம் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எக்செல்லில்தான் நிஜமான ஆபத்து. வேர்டில் தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். எக்செல்லில் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், உள்ளே தப்பாக இருக்கும்.

என் கதையைக் கேளுங்கள். அப்போது வேலை செய்த இடத்தில் 140 பேரின் லீவ் கணக்கு என் கையில். பெயரை அகர வரிசைப்படுத்த, பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து ‘சார்ட்’ (வரிசைப்படுத்தும் கட்டளை) கொடுத்தேன். ‘பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளவா, இதை மட்டும் செய்யவா’ என்று ஒரு பெட்டி வந்தது. சாயங்கால அவசரம், படிக்காமல் இரண்டாவதைத் தட்டினேன். பெயர்கள் நகர்ந்தன, லீவ் நாட்கள் இருந்த இடத்திலேயே நின்றன. சேவ் பண்ணி மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள், வேலைக்குச் சேர்ந்தே இரண்டு மாதம் ஆன ஒரு பையன் வாயெல்லாம் பல்லாக வந்து நிற்கிறான்: ‘சார், எனக்கு 61 நாள் லீவ் இருக்காமே!’ செய்ததைத் திரும்பப் பெற, மூடிய ஃபைலுக்கு ஏது கண்ட்ரோல் இசட்? பழைய பிரின்ட் அவுட்டை வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து சரி பண்ணினேன்.

இப்போது அதையே பாடமாக நடத்துகிறேன். வகுப்பு மார்க் பட்டியலைக் கொடுத்து, வேண்டுமென்றே அந்த இரண்டாவது பொத்தானைத் தட்ட வைப்பேன். கடைசி பெஞ்ச் பையன் திடீரென்று கணக்கில் 98 வாங்கியிருப்பான், கைதட்டல் கிளம்பும். அந்தப் பெட்டியை அதற்கப்புறம் யாரும் படிக்காமல் தட்டுவதில்லை.

அடுத்தது எண் என்றால் எண்ணா என்பது. எக்செல் தானாக எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் ஒட்டும். ஒரு எண் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்பட வேண்டும். எழுத்தாக உட்கார்ந்திருக்கிற எண்ணை, கூட்டிச் சொல்கிற சம் ஃபார்முலா சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். மறுபக்கமும் உண்டு: 007 என்று அடித்தால் 7 ஆகிவிடும். 16 இலக்க எண் அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், ஏனென்றால் அது 15 இலக்கம்தான் ஞாபகம் வைக்கும். அடையாள எண், கணக்கு எண் மாதிரி கூட்டிக் கழிக்கத் தேவையில்லாதவற்றுக்கு முதலிலேயே டெக்ஸ்ட் ஃபார்மட் கொடுத்துவிட வேண்டும். தேதியும் அடியில் ஒரு எண்தான். 2000 ஜனவரி 1 என்று அடித்து அந்தக் கட்டத்தை நம்பர் ஃபார்மட்டுக்கு மாற்றினால் 36526 வரும். கணக்கு டீச்சர், 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிப் பாருங்கள், ஒரு நாள் உதைக்கும். 1900 லீப் வருஷம் இல்லை, ஆனால் எக்செல் அதில் பிப்ரவரி 29 உண்டு என்கிறது. முன்னால் இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற எக்செல் மாதிரி மென்பொருளில் இருந்த பிழையை, ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள். என் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

‘இதெல்லாம் சின்ன விஷயம்’ என்று யாராவது சொன்னால் 2020-ஐச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேர் சில நாட்களுக்குக் கணக்கில் வராமலே போனார்கள். பழைய எக்செல் வகை ஃபைலில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை, மீதி வெளியே விழுந்துவிட்டது. புது வகையில் 10,48,576 வரி.

விட்டுவிட வேண்டியவை: வேர்ட் ஆர்ட், ஸ்லைடு பறந்து வருகிற அனிமேஷன், மேக்ரோ (திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைத் தானாக நடத்தும் கட்டளைத் தொகுப்பு). பெரிய பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டுகிற பிவட் டேபிளுக்கு வருஷக் கடைசியில் நேரம் இருந்தால் பார்க்கலாம்.

31 பேருக்கு: ஒரு மெஷினுக்கு இரண்டிரண்டு பேர், மிஞ்சுகிற மூவருக்காக மூன்று மெஷினில் மட்டும் மும்மூன்று பேர். மவுஸ் பிடித்தவர் வாய் திறக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் மவுஸைத் தொடக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ‘அத அமுக்கு, அதான், அங்க’ என்று ஆரம்பிக்கிற பிள்ளை ஒரு வாரத்தில் கட்டத்தின் பெயரைச் சொல்லி வேலை வாங்கும்.

பத்து_விரல்:

லெட்ஜர் சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் டைப்பிங்கை மறந்துவிட்டார். ஒரு விரலால் எழுத்தைத் தேடுகிற பிள்ளைக்கு ஒரு வரி அடிப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும். எஃப், ஜே சாவிகளில் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அது ஏன் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. முதல் மாதம் முழுக்கக் கையைப் பார்க்காமல் அடிக்கிற பழக்கம், வேறெதுவும் வேண்டாம் என்பது என் கட்சி.

பழைய_லெட்ஜர்:

மாதம் முழுக்க அதுவே என்றால் பிள்ளைகள் வயிற்றுவலி என்று லீவ் போட்டுவிடும். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிஷம், கையை ஒரு கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு. அதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

விண்ணப்பம்_படிப்பவள்:

நான் வேலைக்கு ஆள் எடுக்கிற பக்கம் இருக்கிறேன். தயவுசெய்து மெயிலுக்கு ஒரு பீரியட் ஒதுக்குங்கள். எனக்கு வருகிறவை: சப்ஜெக்ட்டே இல்லாத மெயில். முழுக் கடிதத்தையும் சப்ஜெக்ட்டிலேயே எழுதிய மெயில். ‘இணைத்துள்ளேன்’ என்று எழுதி ஒன்றும் இணைக்காத மெயில். லிங்க் அனுப்பியிருப்பார்கள், திறந்தால் அனுமதி கேள் என்று சொல்லும். ஒருவர் அனுப்பிய ஃபைலின் பெயர் ‘புதுசு ஃபைனல் 2 ஒரிஜினல்’.

ஒரே ஒரு வரிசையைப் பழக்கினால் பாதி தீர்ந்துவிடும். முதலில் ஃபைலை இணை, பிறகு கடிதம், பிறகு சப்ஜெக்ட், கடைசியாகத்தான் முகவரி. முகவரி இல்லாத மெயில் கை தவறினாலும் போகாது. அப்புறம் பலருக்கு ஒரே மெயில் என்றால் பிசிசி, அதில் போட்ட முகவரி மற்றவர்களுக்குத் தெரியாது. 60 பேரின் முகவரியையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போட்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ‘நன்றி’ என்று 20 பேர் ரிப்ளை ஆல் போட்டதையும்.

கணக்கு_டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கெட்டுப்போன லெட்டர் அமோகமாக ஓடியது. நான் அடித்ததில் புள்ளி 39தான். வரிசைப்படுத்தும் பாடத்தில் கைதட்டல் எதிர்பார்த்தேன், நடந்தது சண்டை. மார்க் குறைந்தவன் ‘இது என் மார்க் இல்ல’ என்று கத்த, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டார். கர்ச்சீப்பை நாலாவது நாளே தொலைத்துவிட்டார்கள், நோட்டு அட்டையை வைத்துச் சமாளிக்கிறோம். மவுஸ் விதிக்கு மட்டும் இன்னும் பழகவில்லை, கை நீண்டுவிடுகிறது.

ஒரு இடத்தில் நானே மாட்டிக்கொண்டேன். ஃபார்முலாவில் வருகிற டாலர் குறியை எப்படி விளக்குவது? இரண்டு தடவை போர்டில் எழுதிப் பார்த்துவிட்டேன், முகங்களில் ஒன்றும் தெரியவில்லை.

பழைய_லெட்ஜர்:

விளக்காதீர்கள். பி1-இல், அதாவது பி நெடுவரிசையின் முதல் கட்டத்தில், மொத்த மார்க் 50 என்று வையுங்கள். பி2 காலி. பி3-இல் ‘மார்க்’ என்று தலைப்பு. பி4-இலிருந்து பிள்ளைகளின் மார்க். சி4-இல் பி4-ஐ பி1-ஆல் வகுக்கச் சொல்லி, அப்படியே கீழே இழுக்கச் சொல்லுங்கள்.

சி4 சரியாக வரும். சி5-இல் வகுத்தல் பிழை, ஏனென்றால் அது காலிக் கட்டத்தால் வகுக்கிறது. சி6-இல் வேறு பிழை, அது ‘மார்க்’ என்ற சொல்லால் வகுக்கப் பார்க்கிறது. இந்த இரண்டையும் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். நீங்கள் சி7-ஐக் காட்டுங்கள். அதில் பிழையே வராது. ஒரு பிள்ளையின் மார்க்கை இன்னொரு பிள்ளையின் மார்க்கால் வகுத்து, பார்க்க நியாயமாக ஒரு எண் உட்கார்ந்திருக்கும். அங்கே எஃப்2 அழுத்தினால் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறது என்று வண்ணக் கோடு காட்டும், பி1 வழுக்கிக்கொண்டு பி4 வரை இறங்கியிருக்கும். யாராவது ‘அத அங்கயே ஆணி அடிக்கணும் மிஸ்’ என்று சொல்லும்வரை பேசாமல் இருங்கள். சொன்னதும் சி4-க்குத் திரும்பிப் போய், ஃபார்முலாவில் பி1 மேல் கர்சரை வைத்து எஃப்4. டாலர் குறி வந்து உட்காரும், அதுதான் அந்த ஆணி; மறுபடி கீழே இழுத்தால் பி1 நகராது.