மும்பையில் தமிழ் நிகழ்ச்சி: நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் எந்த ஞாயிறு, எந்த ஹால்?

அன்டாப்ஹில் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் இந்தப் பருவத்தில் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தப்போகிறது. காலையில் பிள்ளைகளுக்குத் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி, மதியத்துக்கு மேல் சென்னையிலிருந்து வரும் எழுத்தாளரோடு ஒரு சந்திப்பு, நாள் முழுக்கப் புத்தக விற்பனை. 150 பேர் வருவார்கள் என்று கணக்கு. பாதிப்பேர் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர். மீதிப்பேர் டோம்பிவிலி, முலுண்டு, வாஷி, கோரேகாவ். பொங்கலை ஒட்டி ஜனவரி மூன்றாம் ஞாயிறு காலை 10 மணிக்கு வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. சண்முகானந்தா ஹாலை விசாரிக்கலாமா என்றும் ஒருவர் கேட்கிறார். ஊரில் நடக்கும் பெரிய விழாக்களோடு மோதாமல் தேதி குறிப்பது எப்படி? என்னென்ன அனுமதி வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுங்கா பஞ்சாங்கம்

ஜனவரி மூன்றாம் ஞாயிறை முதலில் விட்டுவிடுங்கள். மும்பை மாரத்தான் அன்றைக்குத்தான். சிஎஸ்எம்டி ரயில் நிலையத்திலிருந்தும் மாஹிமிலிருந்தும் ஓட்டம் கிளம்பும். விடியற்காலையிலிருந்து மதியம்வரை பல சாலைகளை அடைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய தடை சென்னைப் புத்தகக் காட்சி. டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் பாதியிலோ தொடங்கி ஜனவரியில் ஓடுகிற அந்த நாட்களில் எழுத்தாளரும் கிடைக்கமாட்டார், பதிப்பகத்தில் பார்சல் கட்ட ஆளும் கிடைக்கமாட்டார்.

என் யோசனை இது: போட்டியையும் சந்திப்பையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். இரண்டுக்கும் ஏற்ற காலம் வேறு வேறு.

பிள்ளைகள் போட்டியை மார்கழியில் வையுங்கள். டிசம்பர் 16 வாக்கில் தொடங்கி பொங்கலுக்கு முதல் நாள்வரை நம்மிடம் கல்யாணம் இல்லை, மராத்தி, குஜராத்திக் குடும்பங்களிலும் தனுர் மாதம் என்று தள்ளிப்போடுவார்கள். மற்ற மாதங்களில் முகூர்த்தத்துக்கென்று போய்விடுகிற சின்ன ஹால்கள் அப்போது காலியாக இருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் 6 மட்டும் தாதர் பக்கம் எதுவும் வேண்டாம். அம்பேத்கர் நினைவு நாளுக்கு அவர் நினைவிடமான சைத்யபூமியில் லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள், போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அன்று சிவாஜி பார்க்கில் போடுகிற புத்தகக் கடைகளை ஒரு தரம் போய்ப் பாருங்கள். ஒரே நாளில் அவ்வளவு புத்தகம் கைமாறுவதை வேறெங்கும் பார்ப்பது அரிது.

எழுத்தாளர் சந்திப்புக்குப் பிப்ரவரி நடுவாக்கில் ஒரு ஞாயிறு. சென்னைக் காட்சிக்கென்று வெளியான புதுப் புத்தகங்கள் அப்போதுதான் சூடாக இருக்கும், எழுத்தாளரும் ஓய்வாக இருப்பார். தென் மும்பையின் காலா கோடா கலை விழா ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ 9 நாள் நடக்கும். அது முடிந்த பிறகு வைத்தால் மோதல் இல்லை. அதன் இலக்கிய அமர்வுகள் டேவிட் சசூன் நூலகத் தோட்டத்தில் நடப்பவை, அனுமதி இலவசம். பயிலரங்குகளுக்குத்தான் முன்பதிவு, பட்டியல் வந்ததும் பதியாவிட்டால் இடம் போய்விடும். பிப்ரவரி 21 தாய்மொழி நாள், 27 மராத்தி மொழி நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஞாயிறு அமைந்தால் மராத்தி வாசகர்களையும் கூப்பிட்டு மொழிபெயர்ப்பு அமர்வு ஒன்று சேருங்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் விடுவது பெரிய இழப்பு.

நவம்பர் வாக்கில் என்சிபிஏ கலையரங்கில் இலக்கிய விழா, ஜுஹுவில் பிருத்வி நாடக விழா. அங்கே போகிறவர்கள் உங்கள் கூட்டத்தில் சிலர்தான் இருப்பார்கள். அதற்காக ரொம்பத் தயங்க வேண்டாம். அந்த மாதத்தில் தீபாவளி விடுமுறை எப்போது முடிகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்முகானந்தா 2,763 இருக்கை. 150 பேருக்கு அது வேண்டாம்.

அன்டாப்ஹில் வாசகி

ரொம்ப நன்றி ஐயா. பிரித்து வைப்பது நல்ல யோசனை, குழுவில் பேசுகிறேன். காலை 10 மணி சரியா? மாட்டுங்காவா, செம்பூரா, எது எல்லோருக்கும் வசதி?

ஹார்பர் லைன்

ஞாயிறு காலை 10 மணி வேண்டாங்க. ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துவது, பெரும்பாலும் பத்தரை, பதினொன்றுக்கு ஆரம்பித்து மாலை நாலு மணி வாக்கில்தான் முடியும். வரும்போது ஒரு பிளாக், திரும்பும்போது அதே பிளாக் என்றால் டோம்பிவிலிக்காரர்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டார்கள்.

பிளாக் எங்கே என்பதைப் பொறுத்து விளைவு மாறும். மெயின் லைனில் (டோம்பிவிலிப் பக்கம் போகும் பாதை) மாட்டுங்கா–முலுண்டு ஸ்லோ பாதையில், அதாவது எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டிகளின் பாதையில், வேலை என்றால் வண்டி ஃபாஸ்ட் பாதையில் ஓடும். வித்யாவிஹார், காஞ்சூர்மார்க், நாஹூரில் நிற்காது. சமாளிக்கலாம். ஹார்பரில் சிஎஸ்எம்டி–சுனாபட்டி/பாந்த்ரா பிளாக் என்றால் மாட்டுங்கா கிழக்கை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்கு வண்டியே இல்லை. குர்லா–வாஷி பிளாக் என்றால் வாஷி, நெருல் ஆட்கள் மொத்தமாக நின்றுவிடுவார்கள். அறிவிப்பு வெள்ளி, சனிக்கிழமைதான் வரும், தேதியை அதற்கேற்ப மாற்ற முடியாது. அதனால் நேரத்தை மாற்றுங்கள். ஞாயிறு மாலை 5 முதல் 8 சரி. காலைதான் வேண்டும் என்றால் 8 மணிக்குத் தொடங்கி பத்தேகாலுக்கு முடித்துவிட வேண்டும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது கஷ்டம். சனிக்கிழமை மாலை நாலரைக்கு வைத்தால் பிளாக் தொல்லையே இல்லை, ஆனால் சனி வேலை பார்க்கிறவர்கள் வரமுடியாது.

இடம் சயான் அல்லது மாட்டுங்கா கிழக்கு. மெயின் லைன் ஆட்களுக்கு ஒன்று மறக்காமல் சொல்லுங்கள்: ஃபாஸ்ட் வண்டி சயானிலும் நிற்காது, மாட்டுங்காவிலும் நிற்காது. குர்லாவில் இறங்கி ஸ்லோ பிடிக்க வேண்டும். கோரேகாவ்காரர்களுக்கு ஹார்பர் கிளையில் கிங்ஸ் சர்க்கிள் நேர் வண்டி. வெஸ்டர்னில் வந்தால் மாட்டுங்கா ரோடு, அது மேற்குப் பக்கம், பாலம் ஏறிக் கடக்க வேண்டும். அழைப்பிதழில் 'மாட்டுங்கா ஸ்டேஷன் அருகில்' என்று மட்டும் போட்டால் பாதிப்பேர் தப்பான ஸ்டேஷனில் இறங்குவார்கள். செம்பூரிலிருந்து ஆட்டோ சயான்வரைதான், அதைத் தாண்டித் தெற்கே ஆட்டோ ஓடாது, டாக்சிதான். வயதானவர்கள் வருகிற கூட்டம் என்றால் இந்தக் காரணத்துக்காகவே நான் சயானைச் சொல்வேன். பம்பாய் தமிழ்ச் சங்கமும் அங்கேதான், முதலில் அவர்களிடம் கேளுங்கள். வாஷி ஆட்கள் நிறைய என்றால் அடுத்த தடவை நவி மும்பை தமிழ்ச் சங்கத்தோடு சேர்ந்து அங்கேயே ஒன்று வையுங்கள்.

ஆரேயிலிருந்து கஃப் பரேடுவரை மெட்ரோ 3 முழுசாக ஓடுகிறது, 2025 அக்டோபரிலிருந்து. காலா கோடாவுக்கு ஹுதாத்மா சௌக் ஸ்டேஷன் பக்கம். அந்தேரி, மரோல் ஆட்கள் ஞாயிறு பிளாக்கைப் பற்றிக் கவலைப்படாமல் தாதர்வரை அதில் வந்துவிடலாம்.

தாராவி நெல்லைக்காரன்

அக்கா, போட்டியைப் பற்றி மட்டும் சொல்றேன். வகுப்பை வைத்துப் பிரித்தால் போதாது. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் தனி, கேட்டுப் படித்த பிள்ளைகள் தனி என்று இரண்டு பிரிவு கட்டாயம் வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துப் படித்துவிட்டு வருவார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு அம்மாவோ ஆச்சியோ வாயால் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இரண்டு பேரையும் ஒரே மேடையில் மோதவிட்டால் ஒரு பக்கம் அழுகை நிச்சயம்.

சின்னவர்களுக்கு ஓர் அதிகாரம், அதாவது 10 குறள். பெரியவர்களுக்கு மூன்று அதிகாரம் கொடுத்து நடுவர் கேட்கிறதைச் சொல்ல வைக்கலாம். எந்த அதிகாரம் என்று ஆறு வாரம் முன்னாலே அறிவித்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் என்றால் ஏறி இறங்க, மைக் உயரம் மாற்ற ஒரு நிமிஷம் சேருங்கள். 40 பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம். அதற்கு மேல் பதிவு வந்தால் இரண்டு அறை, இரண்டு நடுவர் குழு. மைக் ஸ்டாண்டு இரண்டு வாங்கிவையுங்கள்: ஒன்று மூன்றடி உயரத்தில், ஒன்று நாலரையில். இதுவே கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கும். நடுவர் தாளில் ழ, ல, ள உச்சரிப்புக்குத் தனிக் கட்டம் போடுங்கள், சீர் பிரித்துச் சொல்வதற்கு ஒரு கட்டம். மறந்து நின்றால் எடுத்துக்கொடுக்கலாமா, எத்தனை தடவை, அதற்கு மதிப்பெண் குறையுமா என்பதை முன்னாலேயே எழுதிக்கொடுத்துவிட வேண்டும். தகராறு வருவது எப்போதும் அங்கேதான்.

நாடகம் ஏதாவது சேர்க்கிறீர்களா? மேடை நாடகத்துக்கு மாநில ரங்கபூமி பிரயோக் பரிநிரீட்சண மண்டலின் (நாடகத் தணிக்கைக் குழு) சான்று வேண்டும், தமிழ் நாடகமாக இருந்தாலும். ஸ்கிரிப்டை வெகு முன்னதாகக் கொடுக்கணும்.

புத்தகப் பெட்டி

விற்பனைக்குச் சில கணக்கு. ஆறடிக்கு இரண்டரை அடி மேசையில் டெமி அளவு (வழக்கமான நாவல் அளவு) புத்தகம் அட்டை தெரிய 13 வீதம் 3 வரிசை, 39 தலைப்பு பிடிக்கும். கொஞ்சம் இடைவெளி விட்டால் 35. 150 பேர் கூட்டத்துக்கு நாலு மேசை தாராளம். தலைப்புக்கு மூன்று பிரதிக்கு மேல் வேண்டாம், வருகிற எழுத்தாளரின் புத்தகம் மட்டும் 20, 25. பெட்டி ஒன்று 15 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பார்சல் இறக்கும்போது அடி பிளந்து, மூலை மடங்கிய புத்தகங்கள்தான் கையில் வரும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பட்டியல் ஒன்று வையுங்கள். விற்காததைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று பதிப்பகத்தோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். போகும் செலவைப் பேசிவிட்டு வரும் செலவைப் பேசாமல் விட்டால் லாபம் முழுக்க அதில் போய்விடும். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் சேர்க்காதீர்கள். யுபிஐ அட்டையை மேசைதோறும் ஒட்டுங்கள், ஆனால் ஹாலுக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் மேசையை வாசல் பக்கம் நகர்த்துங்கள். சந்திப்பு முடிந்தபின் குறைந்தது 40 நிமிஷம் ஹால் உங்கள் கையில் இருக்க வேண்டும். பாதி விற்பனை அப்போதுதான் நடக்கும்.

மாட்டுங்கா பஞ்சாங்கம்

அனுமதி பற்றி விட்டுப்போனது. மூடிய ஹாலுக்குள் என்றால் தொல்லை குறைவு. சொசைட்டி மைதானம், தெருமுனை என்றால் ஒலிபெருக்கிக்கு அந்தப் பகுதி போலீஸ் நிலையத்தில் எழுத்து அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர்வரை அமைதி மண்டலமாக அறிவித்திருக்கலாம். சயான் மருத்துவமனைப் பக்கம் திறந்தவெளி இடம் பார்ப்பவர்கள் இதை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

அழைப்பிதழை மாட்டுங்காவில் கிரி கடை, ஆஸ்திக சமாஜம் பக்கம் கொடுத்துவையுங்கள். மார்கழிக் காலையில் கோவிலுக்கு வருகிறவர்கள் கண்ணில் படும். தினத்தந்தி மும்பைப் பதிப்புக்கும் பத்து நாள் முன்னதாகச் செய்தி அனுப்பலாம்.

ஹார்பர் லைன்

அடுத்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில் ஏதாவது வைப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை. கனமழையோடு நாலரை மீட்டருக்கு மேல் கடல் ஏற்றம் சேர்ந்தால் வடிகால் தண்ணீர் கடலுக்குள் இறங்காது, கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா, சயான் எல்லாம் தேங்கும், வண்டியும் நிற்கும். அமாவாசை, பௌர்ணமியிலும் அடுத்த இரண்டு நாளிலும்தான் ஏற்றம் உச்சத்தில் இருக்கும். அஷ்டமியை ஒட்டிக் குறையும். அஷ்டமி, நவமி என்று மற்றவர்கள் ஒதுக்குகிற ஞாயிறுதான் உங்களுக்குத் தோது. ஹாலும் காலியாக இருக்கும். ஏற்ற நேரம் நாளுக்கு முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப்போகும், அதனால் மாநகராட்சி வெளியிடும் பட்டியலில் அந்த நாளின் நேரத்தையே பாருங்கள். புத்தகப் பெட்டிகளைத் தரைத்தளத்தில் இறக்காதீர்கள், பலகை மேல் அடுக்கி பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்கள்.