புதுப்பிப்பு: காகிதப் பெட்டி வகுப்பு, இரண்டாம் சுற்று

பெருந்திரள் தனிப்பயனாக்கத்தை, அதாவது ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் ஏற்ற பொருளைப் பெருமளவில் செய்து தரும் முறையைக் கற்பிக்க மாணவர்களைக் காகிதப் பெட்டி செய்ய வைத்ததையும், ஒவ்வொரு ஆர்டரையும் முதலிலிருந்து செய்யப் போய்ப் பாதிகூட முடியாமல் மணி அடித்துவிட்டதையும் முன்பு எழுதியிருந்தேன்.

இந்த முறை வெள்ளைப் பெட்டிகளை ஒரே அளவில் முன்கூட்டியே மடித்து அடுக்கிவிட்டோம். மூடி 3 வகை, நிறப்பட்டை 4, முத்திரை 5. ஆர்டர் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் இவை பெட்டியில் ஏறும். உதிரிகள் 12தான், பெட்டிகளோ 60 விதம்! ஒரு மாணவி நம்பாமல் கரும்பலகையில் இரண்டு முறை பெருக்கிப் பார்த்தாள்.

ஆர்டர்கள் எல்லாம் முடிந்தன. ஆனால் எனக்குப் பிடித்தது நடுவில் வந்த சிக்கல்தான். ஒரு குழு வெட்டிய மூடியின் மடிப்பு நூலிழை தள்ளியிருந்ததால், அது மற்றவர்களின் பெட்டியில் உட்காரவே இல்லை. பாகங்கள் சேரும் இடம் துல்லியமாக இருந்தால்தான் மற்றதெல்லாம் விருப்பப்படி மாறலாம் என்பதை, நான் வாய் திறக்கும் முன்பே அவர்கள் அளவுகோலோடு கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதன் பிறகே, ஸ்வெட்டர்களைச் சாயமில்லாமல் பின்னி வைத்து, விற்கும் நிறம் தெரிந்தபின் சாயமேற்றிய பெனட்டன் நிறுவனத்தைப் பற்றிச் சொன்னேன். உடனே புரிந்தது. அடுத்த வகுப்பில் முத்திரையை வாங்குபவரே ஒட்டட்டும் என்கிறார்கள், செய்து பார்க்கப்போகிறோம்.