தாமிரபரணி ஸ்வாட் மாடல்: லேப்டாப்பில் சரி, கிளவுடில் விட்டால் ஒவ்வொரு முறையும் வேறு விடை

பொருநைக்கரை
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தாமிரபரணிப் படுகைக்கு ஸ்வாட் மாடல் (மழை, மண், நிலப்பயன்பாட்டிலிருந்து ஆற்று நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) கட்டியிருக்கிறேன். முறப்பநாடு நிலையத்து நீரோட்ட அளவோடு ஒப்பிட்டு காலிப்ரேஷன் செய்ய, அதாவது மாடலின் அளவுருக்களைச் சரிப்படுத்த, 500 அளவுருத் தொகுப்புகள். லேப்டாப்பில் ஒவ்வொன்றாக ஓட்டினால் எப்போது முடியுமோ தெரியாது. அதனால் லினக்ஸில் கம்பைல் செய்து, டாக்கர் கன்டெய்னரில் (மென்பொருளைத் தேவையானவற்றோடு கட்டிய பொதி) வைத்து, அமேசான் கிளவுடின் ஏடபிள்யூஎஸ் பேட்ச்-இல் அரே ஜாபாக (எண்ணிட்ட பல ஜாப்கள் ஒரே நேரத்தில்) விட்டேன். மாடல் ஃபோல்டர் இஎஃப்எஸ் பகிர்வு டிஸ்க்கில் இருக்கிறது.

எல்லா ஜாபும் வெற்றி என்றுதான் முடிகிறது. ஆனால் பல தொகுப்புகளுக்கு ஒரே நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு (மாடல் விடை அளந்த நீரோட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்). சில வெளியீட்டு ஃபைல்களில் வரி பாதியில் அறுந்து கிடக்கிறது. மறுபடி விட்டால் எண்கள் மாறுகின்றன. வேகமும் இல்லை. கம்பைலர் வேறு என்பதாலா?

இன்னொன்று: 2023 டிசம்பர் வெள்ளத்தின் உச்சம் மாடலில் ஒரு நாள் தாமதமாக வருகிறது. மழைக்கு ஐஎம்டி-யின் (இந்திய வானிலைத் துறை) 0.25 டிகிரி கட்டத் தரவு. அந்த வெள்ளம்தான் என் ஆய்வின் உயிர். வழி சொல்லுங்கள்.

மேட்டுமடை
கம்பைலர் மீது பழி வேண்டாம் சகோதரி. கம்பைலர் மாறினால் கடைசித் தசம இடங்கள் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். வரி அறுவதற்கும் மறுபடி விட்டால் விடை மாறுவதற்கும் அது காரணம் ஆகாது.

500 ஓட்டங்களும் ஒரே ஃபோல்டரில் நிற்கின்றனவா? ஸ்வாட் எந்த ஃபோல்டரில் ஓடுகிறதோ அங்கேயே உள்ளீட்டைப் படிக்கும், அங்கேயே மாறாத பெயரில் வெளியீட்டை எழுதும். ஒரு ஓட்டம் அளவுருவை மாற்றி வைத்த நேரத்தில் பக்கத்து ஓட்டம் அதைப் படித்துவிடும். ஒரே நோட்டில் ஐந்நூறு பேர் கணக்குப் போட்ட மாதிரிதான். லேப்டாப்பில் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்குவதால் இது தெரியாது.

சோதித்துப் பாருங்கள்: ஒரே ஒரு ஜாபை மட்டும் தனியாக விட்டு, அதே தொகுப்பின் லேப்டாப் விடையோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் மாடலில் கோளாறு இல்லை.

தீர்வு: மாடல் ஃபோல்டர் முழுவதையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டி எஸ்3-இல் (அமேசானின் ஃபைல் சேமிப்பு) வையுங்கள். ஒவ்வொரு ஜாபும் அதை இறக்கி, கன்டெய்னரின் சொந்த டிஸ்க்கில் விரித்து, தன் அளவுருவை எழுதி ஓடட்டும். உங்கள் வேகக் குறைவுக்கும் இதுவே மருந்து. ஒவ்வொரு எச்.ஆர்.யு.வுக்கும் (ஒரே மாதிரி மண், நிலப்பயன்பாடு, சரிவு கொண்ட நிலத்துண்டு) மண், பயிர் மேலாண்மை, நிலத்தடி நீர் என்று தனித்தனி ஃபைல். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை நெட்வொர்க் வழியாகத் திறப்பதில்தான் நேரம் போகிறது.

அரே எண் 0-விலிருந்து தொடங்கும். உங்கள் தொகுப்புப் பட்டியல் 1-லிருந்து இருந்தால் ஒன்று தப்பும், கவனம்.

ஓடைக்கல்
செலவு பற்றி ஒரு வார்த்தை. எச்.ஆர்.யு. வெளியீட்டைத் தினசரி அளவில் எழுதவிட்டால் ஜிபி கணக்கில் வீங்கும். காலிப்ரேஷனுக்கு முறப்பநாடு இருக்கும் ஆற்றுப்பகுதியின் தினசரி நீரோட்டம் போதும். அந்த எண்களை மட்டும் வெட்டி எஸ்3-க்கு அனுப்புங்கள். எஸ்3-உம் கணினிகளும் ஒரே ரீஜியனில் இருக்கட்டும், மும்பை என்றால் இரண்டுமே மும்பை. ஸ்பாட் கணினிகளை (மிச்சமிருப்பதை மலிவாகத் தருபவை) தயங்காமல் எடுக்கலாம். இரண்டு நிமிட எச்சரிக்கையோடு பிடுங்கிக்கொள்வார்கள்தான். ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் தனித்தனி என்பதால் அறுந்ததை மட்டும் மறுபடி விட்டால் போதும்.

சாரல்மழை
உச்சம் தள்ளிப்போவதற்கும் கிளவுடுக்கும் சம்பந்தமில்லை. ஐஎம்டி-யில் ஒரு தேதியின் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30-லிருந்து அன்று காலை 8.30 வரை பெய்தது. காயல்பட்டினத்தில் டிசம்பர் 18 காலை வரை பதிவான 95 செ.மீ. மழையும் 17-ஆம் தேதி காலையில் தொடங்கிய கணக்குத்தான். அந்த 24 மணி நேரத்தில் பதினைந்தரை மணி நேரம் முந்தைய தேதியைச் சேர்ந்தது.

அதற்காக மழைத் தொடர் முழுவதையும் ஒரு நாள் முந்தைய தேதிக்கு இழுத்துவிடாதீர்கள். ஒப்பிடும் நீரோட்ட அளவு காலை 8 மணி ஒற்றை அளவீடா, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையிலான சராசரியா என்று முதலில் கேட்டு வாங்குங்கள். காலை அளவீடு என்றால் இப்போதுள்ள தேதியே பொருந்தும். சராசரி என்றால்தான் நகர்த்த வேண்டும். இதைத் தீர்க்காமல் 500 ஓட்டம் விட்டால், தாமதத்தை ஈடுகட்ட சர்லேக் அளவுரு (கூடினால் மழைநீர் ஆற்றை விரைவாக அடையும்) மேல் எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். எண் அழகாக வரும், ஆறு அப்படி நடக்காது.

0.25 டிகிரி என்றால் கட்டம் ஏறத்தாழ 27 கி.மீ. மாஞ்சோலை, நாலுமுக்கு மலை மழையும் அடிவார மழையும் ஒரே கட்டத்தில் கரைந்துவிடும். மலை மேலே உள்ள மழைமானித் தரவு கிடைத்தால் கட்டாயம் சேருங்கள்.

பொருநைக்கரை
நன்றி அண்ணா, நன்றி அக்கா. தனியாக விட்ட ஜாப் லேப்டாப் விடையோடு பொருந்தியது. தனி ஃபோல்டர் கொடுத்ததும் 500-க்கும் வெவ்வேறு மதிப்பு வருகிறது, வரி அறுவதும் நின்றது. நீரோட்ட அளவின் நேரத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை காலிப்ரேஷனை நிறுத்திவைக்கிறேன்.

ஓடைக்கல்
நல்லது. பழைய இஎஃப்எஸ் டிஸ்க்கில் தேவையானதை எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். ஜாப் எதுவும் ஓடாவிட்டாலும் சேமிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.