இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி: இரண்டாம் வருட எலெக்டிவ்களை எப்படி அடுக்குவது?

கூடல்நகர் (கேள்வி)

அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி ஹாஸ்பிடலில் ரெசிடென்சி (மூணு வருஷ மேற்பயிற்சி) முதல் வருடம், ஜே-1 விசா (வெளிநாட்டவர் பயிற்சிக்கு வரும் விசா). எங்களுடையது 4+1 முறை: நாலு வாரம் (ஒரு பிளாக்) வார்டு, ஐசியூ அல்லது எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் துறை), அடுத்த ஒரு வாரம் கிளினிக். அடுத்த வருஷத்துக்கான விருப்பத்தை இந்த மாசக் கடைசிக்குள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் சீஃப் (ஷெட்யூல் போடும் சீஃப் ரெசிடென்ட்). மூணு எலெக்டிவ் பிளாக் கிடைக்கும். ரெசிடென்சி முடிஞ்சு கார்டியாலஜி ஃபெலோஷிப்புக்கு (இதயத் துறையில் சிறப்புப் பயிற்சி) போகணும். எங்க ஹாஸ்பிடலில் கார்டியாலஜி டிபார்ட்மென்ட் உண்டு, ஃபெலோஷிப் கிடையாது.

மூணையும் கார்டியாலஜியிலேயே போடலாமா? எந்த மாதங்கள் நல்லது? ஃபெலோஷிப் இருக்கிற யுனிவர்சிட்டி ஹாஸ்பிடலில் ஒரு பிளாக் போய்வர விசா இடம் கொடுக்குமா?

இடது_வெண்ட்ரிகிள்

முதலில் மாதத்தை முடிவு பண்ணுங்க, ஸ்பெஷாலிட்டி அப்புறம். ஃபெலோஷிப் விண்ணப்பம் ஈராஸில் (ஆன்லைன் விண்ணப்பத் தளம்) ஜூலை தொடக்கத்தில் போகணும். ஜூலை நடுவில் ப்ரோக்ராம்கள் திறந்து பார்க்க ஆரம்பிச்சிடும். மூணாம் வருஷம் தொடங்குவதும் அதே ஜூலையில்தான். அதனால் மூணாம் வருஷ எலெக்டிவ் எதுவும் விண்ணப்பத்தோடு போகும் சிபாரிசு லெட்டருக்கு உதவாது.

முதல் கார்டியாலஜி பிளாக்கை செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பருக்குள் வாங்குங்க. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். புது இன்டர்ன்கள் (முதல் வருஷ ரெசிடென்ட்கள்) வந்திருக்கும் நேரம். வார்டில் ஒரு கை குறைஞ்சா எலெக்டிவில் இருப்பவரைத்தான் முதலில் இழுப்பாங்க. டிசம்பர் கடைசி இரண்டு வாரமும் பாதி வீண். ரெண்டாவது கார்டியாலஜி பிளாக் வேணும்னா பிப்ரவரி, மார்ச். எந்த வாரங்களில் ஜெப்பர்டி கால் (யாராவது வராட்டா பதிலுக்குப் போகும் முறை) உங்க பேரில் விழுதுன்னு சீஃபிடம் இப்பவே கேட்டு, அது வார்டு பக்கம் நகருமான்னு பாருங்க.

நிறைய பேர் கோட்டை விடுவது அட்டெண்டிங் (பொறுப்பிலிருக்கும் சீனியர் டாக்டர்) விஷயத்தில்தான். கன்சல்ட் சர்வீஸில் (மற்ற வார்டுகள் ஆலோசனை கேட்கும் பேஷன்ட்களைப் பார்க்கும் குழு) பல இடங்களில் அட்டெண்டிங் வாராவாரம் மாறுவார். நாலு வாரத்தில் நாலு பேர், ஒவ்வொருவரும் உங்களைப் பார்த்தது அஞ்சு நாள். "உழைப்பாளி, நேரம் தவறாதவர்" என்கிற அளவில்தான் லெட்டர் வரும். அப்படி ஒரு லெட்டர் இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டாலும் ஒண்ணு. பிளாக்கைக் குறிக்கும் முன்னாடியே டிபார்ட்மென்ட் கோஆர்டினேட்டரிடம் அட்டெண்டிங் ஷெட்யூலை வாங்கிடுங்க. ஒரே ஆள் ரெண்டு வாரம் தொடர்ந்து வரும் பிளாக் கிடைச்சா அதை எடுங்க. கிடைக்கலைன்னா, லெட்டர் கேட்க நினைக்கிற அட்டெண்டிங்கின் கிளினிக்கில் மூணாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு அரை நாள் கேளுங்க, மறுக்கிறவர் குறைவு.

லெட்டரைக் கடைசி வாரத்திலேயே கேட்டுடணும். ஈராஸில் அதை ஏற்ற ஜூன் வாக்கில்தான் வழி திறக்கும். அதுவரை காத்திருந்து கேட்டா அக்டோபரில் பார்த்த உங்க முகம் அவருக்கு மறந்திருக்கும். அப்பவே எழுதி வைக்கச் சொல்லி, சிவியோடு நீங்க சேர்ந்து பார்த்த மூணு நாலு கேஸின் குறிப்பையும் பேஷன்ட் அடையாளம் இல்லாமல் அனுப்புங்க. ஜூனில் லெட்டர் ரெக்வெஸ்ட் ஃபார்ம் மட்டும் போனால் போதும். ஒரு ப்ரோக்ராமுக்கு நாலு லெட்டர் வரை இணைக்கலாம். ப்ரோக்ராம் டைரக்டருடையது ஒண்ணு கட்டாயம்னு வச்சுக்கோங்க.

வண்டல்

மேலே சொன்ன மாதக் கணக்கு சரி. ஆனால் மூன்றையும் கார்டியாலஜிக்கே கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஹார்ட் ஃபெயிலியரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் வார்டிலேயே போதும் போதும் என்கிற அளவுக்கு வரும், சிசியூ (இதயத் தீவிர சிகிச்சை) மாதமும் இருக்கும். 36 மாத ரெசிடென்சியில் குறைந்தது 6 மாதம் அவரவர் நோக்கத்துக்கு ஏற்ற பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது ஏசிஜிஎம்ஈ (ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) விதி. அதை ஒரே துறையில் கொட்டினால் இன்டர்வியூவில் யாரும் கூடுதல் மதிப்பெண் போடுவதில்லை.

கார்டியாலஜிக்குப் போகிறவருக்கு நெஃப்ராலஜி (சிறுநீரகத் துறை) ஒரு பிளாக் தங்கம். நீர் கோத்துக் கிடக்கும் பேஷன்டுக்கு ஐவி ஃப்யூரோசமைட் (சிறுநீரைக் கூட்டும் மருந்து) கொடுத்துவிட்டு மறுநாள் காலை எடையைப் பார்ப்பது வார்டு வழக்கம். நெஃப்ராலஜியில் 2 மணி நேரத்தில் ஸ்பாட் யூரின் சோடியம் பார்க்கப் பழக்குவார்கள். சோடியம் லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தாலோ, முதல் 6 மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மிலிக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ டோஸை இரட்டிப்பாக்க வேண்டும், காலைவரை காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று யூரின் செடிமென்ட் (சிறுநீரின் அடிவண்டல்). லேப் ரிப்போர்ட்டில் "காஸ்ட் (சிறுநீரகக் குழாய்களில் உருவாகும் உருளை வடிவப் படிவு) இல்லை" என்று வந்தாலும் நீங்களே பாருங்கள். புதிதாகப் பிடித்த 10 மிலி சிறுநீரை 5 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே நிற்பதைக் கொட்டி, அடியில் அரை மிலி விட்டு, மெல்லத் தட்டிக் கலக்கி, ஒரு துளியை ஸ்லைடில் வைத்து லோ பவரில் கவர்ஸ்லிப்பின் ஓரங்களிலிருந்து தேடுங்கள். காஸ்ட் ஓரத்தில்தான் ஒதுங்கும். இரண்டு மணி நேரம் ஆறிப்போன சாம்பிளில் காஸ்ட் கரைந்திருக்கும், நீர்த்த சிறுநீரில் இன்னும் சீக்கிரம். மடி பிரவுன் காஸ்ட் (சிறுநீரகக் குழாய்கள் சேதமானதன் அடையாளமான பழுப்பு காஸ்ட்) கண்ணில் பட்டால் "இது வெறும் கார்டியோரீனல், இதயக் கோளாறால் வந்த சிறுநீரகப் பிரச்சினை" என்ற பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

மூன்றாவது பிளாக் ருமட்டாலஜி (மூட்டு நோய்த் துறை) கிளினிக். ரெசிடென்சி முடிவில் எழுதும் ஏபிஐஎம் போர்டு பரீட்சையில் ருமட்டாலஜிக்கு 9 சதவீதம், நெஃப்ராலஜிக்கு 6, கார்டியாலஜிக்கு 14. அந்த 9 சதவீதத்தை வார்டில் எங்கேயும் பார்க்கமாட்டீர்கள்.

ஃபார்ம்_நிரப்பி

மூணாவது கேள்விக்கு: விசா தடுக்காது, வேலைதான் அதிகம். ஜே-1க்கு ஸ்பான்சர் ஈசிஎஃப்எம்ஜி (வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்குச் சான்று தரும் அமைப்பு). உங்க பயிற்சித் திட்டத்தில் இல்லாத இடத்துக்குப் போனால் டிபிஎல் மூலமா முன்கூட்டித் தெரிவிக்கணும். டிபிஎல் என்பது உங்க ஜிஎம்ஈ (ஹாஸ்பிடலின் மருத்துவப் பயிற்சி நிர்வாகம்) ஆபீஸில் விசா காகிதங்களைப் பார்க்கும் ஆள். நீங்களே நேரடியா ஏற்பாடு பண்ணிட்டு அப்புறம் சொல்வது தவறு. அந்த மாதத்தில் அங்கே தனியா சம்பளம் எதுவும் வாங்கக் கூடாது, ஜே-1க்கு மூன்லைட்டிங் (பயிற்சிக்கு வெளியே சம்பள வேலை) அனுமதி இல்லை.

பெரிய தடை பணம். நீங்க வேறு ஹாஸ்பிடலில் இருக்கும் நாட்களை உங்க ஹாஸ்பிடல் மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) பயிற்சி நிதிக் கணக்கில் காட்ட முடியாது, சம்பளம் மட்டும் கொடுக்கணும். அதனால்தான் ஜிஎம்ஈ ஆபீஸ் முகம் சுளிக்கும். அடுத்து மால்பிராக்டிஸ் கவரேஜ் (சிகிச்சைத் தவறு வழக்குக்கான காப்பீடு) அங்கே செல்லுமான்னு எழுத்தில் வேணும். வேறு மாநிலம்னா அந்த மாநில ட்ரெய்னிங் லைசென்ஸ் தனி. தடுப்பூசி, டிபி டெஸ்ட், சில இடங்களில் டிரக் ஸ்க்ரீன், இஎம்ஆர் (கம்ப்யூட்டர் மருத்துவப் பதிவு) ட்ரெய்னிங் எல்லாம் மறுபடி. ஆறு மாதம் முன்னாடியே தொடங்கலைன்னா முதல் வாரம் லாகின் இல்லாமல் போகும். அதே மாநிலத்தில், உங்க ஹாஸ்பிடலோடு ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ள யுனிவர்சிட்டி இருந்தா அங்கே மட்டும் முயற்சி பண்ணுங்க.

கூடல்நகர்

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: ஒரு பிளாக்கை ரெண்டு ரெண்டு வாரமா உடைச்சுக்கலாம்னு சீஃப் சொல்றார். அப்படிச் செஞ்சா நாலு துறை பார்க்கலாமே?

இடது_வெண்ட்ரிகிள்

கார்டியாலஜி கன்சல்ட்டை மட்டும் உடைக்காதீங்க. எந்த சர்வீஸிலும் முதல் மூணு நாள் பேஷன்ட் லிஸ்ட், நோட் டெம்ப்ளேட், யாரை எந்த நம்பரில் கூப்பிடணும் என்பதிலேயே போகும். ரெண்டு வாரத்தில் அதைக் கழிச்சா மீதி ஏழு வேலை நாள். உங்க ஹாஸ்பிடலில் ஃபெலோ இல்லாதது உங்களுக்கு நல்லது. புது கன்சல்ட்டை முதலில் பார்க்கும் ஆள் நீங்கதான், அட்டெண்டிங் நேரா உங்ககிட்டதான் கேட்பார். ருமட்டாலஜியை வேணும்னா ரெண்டு வாரமாக்கி மிச்சத்தை எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) ரீடிங்குக்குக் கொடுங்க. அந்த எக்கோ வாரங்கள் கன்சல்ட் பிளாக்குக்கு முன்னாடி வரட்டும்.

வண்டல்

ருமட்டாலஜி இரண்டு வாரம் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஜாயின்ட் ஆஸ்பிரேஷன் (மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுப்பது) செய்யும் கிளினிக் நாட்கள் எவை என்று கேட்டு அந்த இரண்டு வாரத்தைக் குறியுங்கள்.