முதல் பருவம்: பைத்தானோடு நிற்பதா, சி-யில் தொடங்குவதா?

உயிரியல்பிரிவு:
அனைவருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையைப் பின்பற்றும் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்ததால், கல்லூரிக்கு வரும்வரை நான் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. உடன் படிப்பவர்களில் பலர் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். வகுப்பில் இப்போது பைத்தான் நடக்கிறது, ஆனால் விடுதி அண்ணன் ஒருவர், முதலில் சி படிக்காவிட்டால் அடித்தளமே அமையாது என்கிறார். பைத்தானை ஓரமாக வைத்துவிட்டு சி-யில் இறங்கலாமா?

நீலத்திரை:
தம்பி, உங்கள் சீனியர் சொன்னது சரி. எங்கள் காலத்து லேபில், சி நிரல் எழுதி ஓட்டும் பழைய மென்பொருளான டர்போ சி-யின் நீலத்திரை மட்டுமே இருந்தது. ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) நிரலுக்கு 7 கொடுத்தால் 5040 என்று ஒழுங்காக வரும். 8 கொடுத்தால் 40320 வர வேண்டிய இடத்தில் -25216 என்று வரும். ஏன் என்று கேட்டுத் துருவியபோதுதான், அங்கே முழு எண்ணுக்கு ஒதுக்கப்பட்டது 16 பிட் இடம் என்பதும், அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 32767 என்பதும், அதைத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு மறுபுறம் போய்விடும் என்பதும் எனக்கு விளங்கின. பைத்தானில் 100-இன் ஃபேக்டோரியலைக் கேட்டால் 158 இலக்கங்களையும் சத்தமில்லாமல் கொட்டிவிடுகிறது. அந்த எண் நினைவகத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கும் தேவையே மாணவனுக்கு எழுவதில்லை. கேள்வி எழாத இடத்தில் கணினி அறிவியல் எங்கிருந்து வரும்?

லேப்_ஆசிரியை:
ஐயா, அந்த -25216 உங்களுக்குக் கேள்வியாகத் தோன்றியது. பக்கத்து இருக்கையில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்து, கம்ப்யூட்டர் நமக்கு வராது என்று முடிவுகட்டினார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நான் பல ஆண்டுகளாக முதலாண்டு லேப் எடுக்கிறேன். சி நடத்திய காலத்தில், விசைப்பலகையிலிருந்து மதிப்பை வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் மாறியின் பெயருக்கு முன்னால் வர வேண்டிய, அதன் முகவரியைக் குறிக்கும் ஆம்பர்சண்ட் (&) குறியை விட்டுவிட்டு, நிரல் ஏன் பாதியில் விழுகிறது என்று புரியாமல் முழு லேப் நேரத்தையும் இழந்த மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். நினைவக முகவரி, அதைச் சுட்டும் பாயின்டர் பற்றி அவர்களுக்கு இன்னும் சொல்லியே தராத வாரம் அது.

தம்பி கேட்கும் பாடத்தின் முதல் அலகைப் பாருங்கள். அடுக்கிய சீட்டுகளுக்கு நடுவே புதிய சீட்டைச் செருகுவது, ஓர் எல்லைக்குள் மறைந்திருக்கும் எண்ணை ஊகிப்பது, வட்டுகளை ஒவ்வொன்றாகத் தண்டு மாற்றி அடுக்கும் ஹனோய் கோபுரப் புதிர் ஆகியவை அங்கே இருக்கின்றன. இவற்றில் எதற்கும் மொழி தேவையில்லை, தாளும் பேனாவும் போதும். தடுமாறும் மாணவர் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுகிறார், நாம் மொழியின் மேல் பழியைப் போடுகிறோம்.

நீலத்திரை:
அம்மா, பைத்தான் எளிது என்ற பேச்சையே நான் ஏற்கவில்லை. மூன்று எண்கள் உள்ள ஒரு பட்டியலை அ என்று வைத்து, ஆ = அ என்று எழுதி, ஆ-வின் கடைசியில் 4-ஐச் சேர்க்கச் சொல்லுங்கள். அ-வை அச்சிட்டால் அதிலும் 4 நிற்கும், ஏனென்றால் இரண்டு பெயர்களும் ஒரே பட்டியலைத்தான் சுட்டுகின்றன. பாயின்டரை அறிந்தவனுக்கு இது அரை நிமிட விஷயம். அறியாத மாணவனுக்கு மாயமாகத் தெரிகிறது. நீங்கள் மறைத்து வைத்தது பின்வாசல் வழியாக வருகிறது, அவ்வளவுதான்.

தமிழ்வழி:
இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. நான் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தவன், என்னை முதல் பருவத்தில் நிறுத்தியது பிழைச்செய்தி. சிவப்பில் ஆறேழு வரி ஆங்கிலம் வந்ததும் சாளரத்தையே மூடிவிடுவேன். பைத்தானில் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும், பிழையின் பெயர் அங்கேதான் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. பிறகு சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதத் தொடங்கினேன், வைவாவில் மாட்டிக்கொண்டேன். தம்பி சி படித்தாலும் பைத்தான் படித்தாலும் ரெக்கார்டைக் காப்பியடித்தால் நிலைமை ஒன்றுதான்.

லேப்_ஆசிரியை:
பட்டியல் விஷயத்தில் நீலத்திரை ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் நானும் பலகையில் பெட்டி வரைந்து அம்பு போட்டுத்தான் விளக்குகிறேன். ஆனால் அது பட்டியல் வரும் வாரத்துக்கான பாடம். இதே விதிமுறையில் கணினி அறிவியல் பிரிவினருக்கு இரண்டாம் பருவத்தில் சி தனித்தாளாக வருகிறது, அதற்காக நடக்கும் பாடத்தை இப்போதே கைவிடச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

தம்பி, நீங்கள் மின்கட்டணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், லேப் பட்டியலில் முதலில் இருப்பதே அதுதான். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய், அதற்குமேல் 5 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 250 யூனிட்டுக்கு வர வேண்டிய தொகையை முதலில் தாளில் கண்டுபிடித்துவிட்டு, அதற்குப் பிறகே கணினியைத் தொடுங்கள்.

உயிரியல்பிரிவு:
நேற்றிரவு செய்து பார்த்தேன் அம்மா. தாளில் 450 ரூபாய் வந்தது. நிரலை ஓட்டியதும் சிவப்பு எழுத்து வந்தது. தமிழ்வழி அண்ணன் சொன்னபடி கடைசி வரியைப் படித்தேன், டைப்எரர் என்றிருந்தது. விசைப்பலகையிலிருந்து வாங்கிய 250 எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருந்ததுதான் காரணம். அதை எண்ணாக மாற்றியதும் பிழை போய்விட்டது, ஆனால் விடை 300 என்று வந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் தவறான விடை வந்ததுதான் அதிக நேரம் எடுத்தது. தாளில் வரி வரியாக 250-ஐ நடத்திப் பார்த்தபோது, 100-க்கு மேலா என்ற சோதனையை நான் முதலில் வைத்திருந்ததால் 250-உம் அங்கேயே நின்றுவிடுகிறது, 200-க்கு மேலா என்ற கேள்விக்குப் போகவே இல்லை என்று தெரிந்தது. இரண்டையும் இடம் மாற்றினேன், 450 வந்தது.

நீலத்திரை:
நன்று. ஆனால் சி-யாக இருந்திருந்தால் அது எண் என்பதை முதல் வரியிலேயே நீங்கள் அறிவித்திருப்பீர்கள், அந்த டைப்எரருக்கு இடமே இருந்திருக்காது.

லேப்_ஆசிரியை:
300-க்கு இருந்திருக்கும், ஐயா.